அமெரிக்காவில் தொழில்-நிறுவன உளவியல் மேற்படிப்பு: புதிதாக விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வேலைக்கு விண்ணப்பித்த ஐந்நூறு பேரில் யாரைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேலை நன்றாக நடக்கும், அந்தத் தேர்வில் எவருக்கும் அநீதி நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, பயிற்சிக்குச் செலவிட்ட பணம் உண்மையில் பலன் தந்ததா, திறமையான ஊழியர்கள் ஏன் விலகிப் போகிறார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு ஊகத்தால் அல்லாமல் அளவீட்டால் விடை காண முயலும் துறையே தொழில்-நிறுவன உளவியல். மாணவர்கள் பேச்சில் இதை ஐ-ஓ சைக்காலஜி என்பார்கள். இந்தியாவில் இளநிலைப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் இத்துறையில் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற விரும்புவோர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை சொல்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது இதில் எளிய பகுதி. அதற்கு முன் எடுக்க வேண்டிய இரண்டு மூன்று முடிவுகள்தாம் கடினமானவை. ஆகவே அவற்றுக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: துறையின் இயல்பை அறிந்துகொள்ளுதல்

ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஜெர்மானியர் ஹியூகோ மன்ஸ்டர்பர்க், மின்சார டிராம் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கச் சோதனைகளை வடிவமைத்த காலத்திலேயே இத்துறையின் அடிப்படைக் கேள்வி உருவாகிவிட்டது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையிலான உளவியலாளர்கள் படைவீரர்களுக்காக ஆர்மி ஆல்ஃபா, ஆர்மி பீட்டா என்னும் இரு குழு அறிவுத்திறன் சோதனைகளை உருவாக்கினர். படிக்கத் தெரிந்தவர்களுக்கு முன்னது, படிக்கத் தெரியாதவர்களுக்குப் பின்னது. சுமார் 17 லட்சம் பேர் அச்சோதனைகளை எழுதினர். 1924இல் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் தொடங்கிய ஆய்வுகள், வெளிச்சம், ஓய்வு நேரம் ஆகியவற்றிலிருந்து நகர்ந்து, தொழிலாளர்களின் உறவுகள், மனநிலை ஆகியவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்பின. துறையின் பெயரில் உள்ள ‘தொழில்’, ‘நிறுவன’ என்ற இரு பாதிகளும் இந்த இரு மரபுகளிலிருந்து வந்தவை.

அமெரிக்காவில் இத்துறைக்கு வேலைவாய்ப்பு பெருகியதற்குச் சட்டமும் ஒரு முக்கியக் காரணம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வேலைவாய்ப்பில் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. 1971இல் டியூக் பவர் நிறுவனத்துக்கு எதிரான கிரிக்ஸ் வழக்கில், வேலையோடு தொடர்புடையது என்று நிறுவப்படாத கல்வித் தகுதியும் சோதனையும் கறுப்பினத்தவரை வெளியே நிறுத்துமானால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் அது சட்டவிரோதமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978இல் கூட்டாட்சி அமைப்புகள் வெளியிட்ட சீரான வழிகாட்டு நெறிகள், ஒரு பிரிவினரின் தேர்வு விகிதம் மிக அதிக விகிதம் பெற்ற பிரிவினருடையதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் அதைப் பாதகமான விளைவின் அறிகுறியாகக் கொள்ளும் அளவுகோலை முன்வைத்தன. ஒரு சோதனை வேலையோடு தொடர்புடையது என்று நிறுவத் தெரிந்தவர்கள் நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டார்கள். அந்தத் திறனைக் கற்பிக்கும் படிப்பாக இது வளர்ந்தது.

துறை எப்படிச் சிந்திக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, பொதுவான அறிவுத்திறன் சோதனைக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.51 என்று கணித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடங்களில் அந்த எண்ணே ஆட்சி செய்தது. 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும், அக்கணிப்பில் செய்யப்பட்ட திருத்தங்கள் மிகையானவை என்று காட்டி, அதே ஒட்டுறவை 0.31 ஆகவும், முன்கூட்டியே கேள்விகளும் மதிப்பீட்டு முறையும் வகுக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.42 ஆகவும் மறுகணிப்புச் செய்தார்கள். சண்டை முழுவதும் ஒரு புள்ளியியல் திருத்தத்தைப் பற்றியது. அதன் விளைவோ லட்சக்கணக்கானவர்களின் வேலையைத் தொடுவது. இப்படிப்பட்ட விவாதத்தைப் படிக்கையில் ஆர்வம் பிறக்கிறது என்றால் இத்துறை உங்களுக்கு ஏற்றது. மனிதர்களோடு பேசி அவர்கள் துயரத்தைத் தணிக்க வேண்டும் என்பதே விருப்பம் என்றால், ஆலோசனை உளவியலையோ மருத்துவ உளவியலையோ நாடுவது நல்லது. மனிதவள மேலாளராக வேண்டும் என்பவர்களுக்கு மனிதவள மேலாண்மைப் பட்டமே நேரான வழி.

இரண்டாம் படி: முதுநிலையா, முனைவர் பட்டமா

நம்மிடையே முதுநிலையை முடித்துவிட்டுத்தான் முனைவர் பட்டத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்காவில் நிலை வேறு. பெரும்பாலான முனைவர் படிப்புகள் இளநிலைப் பட்டதாரிகளை நேரடியாகவே சேர்த்துக்கொள்கின்றன. முதுநிலைப் பட்டம் வழியில் கிடைத்துவிடும். ஆகவே இவை ஒரே ஏணியின் இரு படிகள் அல்ல, வெவ்வேறு நோக்கத்துக்கான இரு படிப்புகள்.

முதுநிலைப் படிப்பு வழக்கமாக இரண்டு ஆண்டு நீளும். பணியாளர் தேர்வு, பணிப் பகுப்பாய்வு (ஒரு வேலைக்கு என்ன பணியும் திறனும் தேவை என்று ஆராய்தல்), பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு, நிறுவன மாற்றம், புள்ளியியல் ஆகியவற்றில் பாடங்களும் ஒரு களப்பயிற்சியும் இருக்கும். முடித்தவர்கள் நிறுவனங்களின் திறன் மதிப்பீட்டுப் பிரிவிலும், ஊழியர் தரவுப் பகுப்பாய்விலும், ஆலோசனை நிறுவனங்களிலும், அரசுத் துறைகளிலும் சேர்கிறார்கள். இதில் பெரும்பாலோர் தம் கட்டணத்தைத் தாமே கட்டுகிறார்கள்.

முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள், சில சமயம் ஆறு. முதல் இரண்டு ஆண்டுகளில் பாடங்களும் முதுநிலை ஆய்வேடும், பின்பு தகுதித் தேர்வு, அதன் பின் முனைவர் ஆய்வேடு. பெரும்பாலான நல்ல படிப்புகளில் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பணியாற்றுவதற்கு மாத உதவித்தொகையும் கிடைக்கும். அத்தொகையில் சிக்கனமாக வாழலாமே தவிர வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. இடங்களும் மிகக் குறைவு; ஓர் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத் துறை சேர்ப்பவர்களைப் பெரும்பாலும் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பேராசிரியராகவோ, சோதனைகளை உருவாக்கும் ஆய்வாளராகவோ ஆக விரும்புவோருக்கு முனைவர் பட்டம் இன்றியமையாதது. மற்றவர்கள், பணம் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதில் சேரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆய்வில் ஆர்வமில்லாமல் ஐந்து ஆண்டுகளைக் கடத்துவது எவ்வளவு உதவித்தொகையாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. மறுபுறம், ஆய்வில் உண்மையான நாட்டமுள்ளவர்கள் கடன் வாங்கி முதுநிலையில் சேர்வதற்கு முன், முனைவர் படிப்புக்கு ஒருமுறையாவது விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வணிகப் பள்ளிகளில் நிறுவன நடத்தையியல் என்ற பெயரில் நடக்கும் முனைவர் படிப்புகள் ஏறக்குறைய இதே கேள்விகளையே ஆராய்கின்றன; உதவித்தொகையும், பின்னர் பேராசிரியர் ஊதியமும் உளவியல் துறையைக் காட்டிலும் பொதுவாக அதிகம். ஆனால் சோதனை வடிவமைப்பு, பணியாளர் தேர்வு போன்றவை அங்கே பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். இந்தியாவிலும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் இத்தகைய முனைவர் படிப்புகள் உதவித்தொகையோடு நடக்கின்றன. இந்தியாவிலேயே பணியாற்ற எண்ணுபவர்கள் அவற்றை முதலில் பரிசீலிப்பது நல்லது.

மூன்றாம் படி: அடித்தளம் அமைத்தல்

உளவியல் இளநிலைப் பட்டம் கட்டாயமில்லை. பொறியியல், புள்ளியியல், வணிகவியல் பட்டதாரிகளையும் பல துறைகள் ஏற்கின்றன. ஆனால் அறிமுக உளவியல், புள்ளியியல், ஆய்வு முறைகள் ஆகிய பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பொறியாளர்களுக்குக் கணிதம் கைகொடுக்கும், உளவியல் பாடம்தான் குறையும். நம் கல்லூரிகளில் உளவியல் படித்தவர்களுக்கோ பெரும்பாலும் நிலை தலைகீழ்.

மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்கள் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை வற்புறுத்துகின்றன. சில, மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கின்றன. வேறு சில, இந்திய முதுநிலைப் பட்டமும் இருந்தால் ஏற்கின்றன. துறை ஒன்று சொல்ல, பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகம் வேறொன்று சொல்வதும் உண்டு. இறுதி முடிவு பின்னதுடையதே. ஆகவே விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்து வடிவில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது புள்ளியியல். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, பல்மாறித் தொடர்புப்போக்கு, மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஆகியவற்றைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல், ஒரு தரவுத் தொகுப்பின் மீது நீங்களே செய்து பார்க்கும் அளவுக்குக் கற்க வேண்டும். ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருள் இலவசம், எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் மற்றொரு மென்பொருள் இன்னும் பல துறைகளில் வழக்கிலிருக்கிறது. அளவீட்டின் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரு கருத்துகளும் நன்கு விளங்கிவிட்டால் துறையின் பாதி வாசல் திறந்துவிடும். ஒரே ஆளை ஒரே கருவியால் இருமுறை அளந்தால் ஒரே விடை வருகிறதா என்பது முதலாவது. எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பது இரண்டாவது.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தரவுத்தளம் யாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான தொழில்களுக்கு என்ன பணிகள், என்ன அறிவு, என்ன திறன் தேவை என்று அதில் விவரிக்கப்பட்டுள்ளது. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்பவர்கள் மூன்று நான்கு பேரிடம் பேசி, அவர்கள் சொல்வதை ஓ-நெட் விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதுவே ஒரு சிறு பணிப் பகுப்பாய்வு. செலவில்லாமல் செய்யக்கூடிய இப்பயிற்சி, பின்னர் விண்ணப்பத்தோடு நோக்க அறிக்கை (ஏன் இப்படிப்பை நாடுகிறீர்கள் என்று விளக்கும் கட்டுரை) எழுதும்போது உங்களிடம் சொல்வதற்குச் சொந்தமாக ஏதேனும் இருக்கச் செய்யும்.

முனைவர் படிப்பை நாடுவோருக்கு ஆய்வு அனுபவம் மிக முக்கியம். கல்லூரியில் எழுதிய திட்ட அறிக்கை இருந்தால் அதைச் செப்பனிடுங்கள். இல்லையென்றால், ஒரு பேராசிரியரின் ஆய்வில் தரவு சேகரிப்பவராகவோ, சேகரித்த விடைகளை வகைப்படுத்திக் குறியீடு இடுபவராகவோ ஓர் ஆண்டு பணியாற்றுங்கள். அது ஊதியமற்ற, சலிப்பான வேலையாக இருக்கலாம். ஆனால் பரிந்துரைக் கடிதத்தில் எழுதப்படுவது அந்த வேலையைப் பற்றித்தான்.

நான்காம் படி: பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்தல்

இத்துறையின் தொழில்முறைச் சங்கம் சயாப் (SIOP) என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 14ஆம் பிரிவும் அதுவே. மேற்படிப்பு வழங்கும் துறைகளின் தேடத்தக்க பட்டியல் ஒன்றைச் சயாப் தன் இணையதளத்தில் பேணுகிறது. தேடலை அங்கே தொடங்குங்கள். மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் ஆகியவற்றுக்கு அமெரிக்க உளவியல் சங்கம் அங்கீகாரம் வழங்குவதுபோல் இத்துறைக்கு வழங்குவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதனால் ‘அங்கீகாரம் பெற்ற ஐ-ஓ படிப்பு’ என்று விளம்பரம் செய்யப்பட்டால், அது பல்கலைக்கழகத்துக்கான வட்டார அங்கீகாரத்தை மட்டுமே குறிக்கும். துறையின் தரத்தை நீங்களே ஆராய்ந்துதான் அறிய வேண்டும்.

முனைவர் படிப்பில் மின்னசோட்டா, மிஷிகன் ஸ்டேட், பவுலிங் கிரீன் ஸ்டேட், சவுத் ஃப்ளோரிடா, ஜார்ஜ் மேசன், ரைஸ் ஆகியவை நெடுங்காலமாகப் பேசப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் தனி மரபு உண்டு. பணி மனநிறைவை அளக்க உலகெங்கும் பயன்பட்ட பணி விவரிப்புக் குறியீடு என்னும் வினாத்தொகுப்பு, பட்ரீசியா கெய்ன் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் வெளியிட்டது. அதன் தொடர்பணி பவுலிங் கிரீனோடு பிணைந்தது. மின்னசோட்டா தனியாள் வேறுபாடுகளையும் பணித்திறனையும் அளப்பதில் பெயர்பெற்றது. முதுநிலைக்கு மிடில் டென்னசி ஸ்டேட், மேன்கேட்டோவிலுள்ள மின்னசோட்டா ஸ்டேட், அப்பலாச்சியன் ஸ்டேட், நியூயார்க்கின் பரூக் கல்லூரி போன்றவை உள்ளன. நம் ஊரில் அதிகம் கேள்விப்படாத பெயர்களாக இருக்கின்றனவே என்று தயங்க வேண்டாம். இத்துறையில் பல்கலைக்கழகத்தின் பொதுப் புகழுக்கும் துறையின் தரத்துக்கும் தொடர்பு குறைவு. புகழ்மிக்க பல பல்கலைக்கழகங்களில் இத்துறையே கிடையாது.

முனைவர் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு நெறியாளரை. அவருடைய அண்மைக்காலக் கட்டுரைகளில் மூன்றையாவது முழுமையாகப் படியுங்கள். அவர் இந்த ஆண்டு மாணவரைச் சேர்க்கிறாரா என்பதைத் துறையின் பக்கத்தில் பாருங்கள். குறிப்பிடப்படவில்லை என்றால் செப்டம்பர் வாக்கில் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். முதுநிலைக்கு விண்ணப்பிப்பவர் கேட்க வேண்டியவை வேறு: சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கே, என்ன பதவியில் சேர்ந்தார்கள்? அவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? களப்பயிற்சியைத் துறை ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா? இவற்றுக்குத் தெளிவான விடை தரத் தயங்கும் துறையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

ஆகஸ்டில் தொடங்கும் கல்வியாண்டுக்கு, முனைவர் படிப்புகளின் இறுதி நாள் பெரும்பாலும் முந்திய டிசம்பரில் வரும். முதுநிலைப் படிப்புகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. சுமார் ஓர் ஆண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்கள் அதிகாரபூர்வ மதிப்பெண் ஆவணங்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து பெற வேண்டியிருக்கும்; அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, சில விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. கட்டாயமில்லாத இடத்திலும், கணிதப் பகுதியில் நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்புவது பயன்தரும். நம் மதிப்பெண் முறையை நன்கு அறியாத குழுவுக்கு அது ஒரு பொது அளவுகோல். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் பொதுவாகத் தேவைப்படும்.

நோக்க அறிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிறுவயதிலிருந்தே மனித மனத்தின் மீது ஆர்வம் என்று தொடங்கும் அறிக்கைகளைத் தேர்வுக் குழுவினர் சலிக்கச் சலிக்கப் படித்திருப்பார்கள். நீங்கள் விடை காண விரும்பும் கேள்வி எது, அதை நோக்கி இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், அதற்கு நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத் துறை ஏன் பொருத்தம் என்ற மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். கேள்வி உங்கள் சூழலிலிருந்தே வரலாம். திருப்பூர் பின்னலாடை ஆலைகளில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் எந்தக் கட்டத்தில் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் நியாயத்தை எப்படி உணர்கிறார்கள் என்பதும் இத்துறையின் மையக் கேள்விகளே. லண்டனிலுள்ள டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் நெசவுப் பணியைச் சிறு குழுக்களிடம் ஒப்படைத்து நடத்திய சோதனை, குழுப்பணி ஆய்வின் வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. இந்திய வேலைத்தளம் அமெரிக்க ஆய்வாளர்களுக்குச் சுவைக்காது என்று எண்ணி, நன்கு தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததை எழுத வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக மூன்று. பதவியில் பெரியவர் எழுதிய நான்கு வரிப் பாராட்டைவிட, உங்களோடு நேரடியாக வேலை செய்த இளைய பேராசிரியர் விவரமாக எழுதும் இரண்டு பக்கம் மேலானது. கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுவரச் சொல்பவர்களிடம், உங்கள் பணிகளைப் பற்றிய குறிப்பை மட்டும் தந்து, அவரையே எழுதும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஆறாம் படி: பணமும் விசாவும்

எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்குத் தேவையான, பல்கலைக்கழகம் வழங்கும் ஐ-20 ஆவணத்தைப் பெற, முதல் ஆண்டின் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் அதிகம். ஆனால் முதுநிலை மாணவருக்கும் உதவியாளர் பணி கிடைத்தால், சில இடங்களில் உள்மாநிலக் கட்டணமோ பகுதித் தள்ளுபடியோ கிடைக்கும். இதைத் துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை.

படித்து முடித்தபின் 12 மாதம் தொழிற்பயிற்சி அனுமதி (படித்த துறையில் அமெரிக்காவில் வேலை செய்வதற்கானது) கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. 2022 ஜனவரியில் தொழில்-நிறுவன உளவியல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: நீட்டிப்பு கிடைப்பது பட்டத்தின் பெயரால் அல்ல, ஐ-20இல் அச்சிடப்படும் படிப்புக் குறியீட்டெண்ணால். தொழில்-நிறுவன உளவியலுக்கான எண் 42.2804. ஏறக்குறைய இதே பாடங்களை நடத்தும் ஒரு துறை, தன் படிப்பைப் பொது உளவியல் என்ற குறியீட்டின் கீழ்ப் பதிவுசெய்திருந்தால் இந்த நீட்டிப்பு கிடைக்காமல் போகலாம். சேர்க்கையை ஏற்பதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். நீட்டிப்புக் காலத்தில் வேலை தரும் நிறுவனம், ஊழியர்களின் வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்னும் அரசுத் திட்டத்தில் பதிவுசெய்திருக்கவும் வேண்டும். குடிவரவு விதிகள் மாறக்கூடியவை என்பதால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் நடப்பு விதியைக் கேட்டறிவது நல்லது. கூட்டாட்சி அரசுப் பணிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியவை என்பதையும், இத்துறையில் அரசு ஒரு பெரிய வேலையளிப்பாளர் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஏழாம் படி: நேர்காணலும் முடிவும்

முனைவர் படிப்புக்கு ஜனவரி, பிப்ரவரியில் காணொலி வழி நேர்காணல் நடக்கலாம். அவர்கள் உங்கள் கேள்வியைப் பற்றிப் பேச விரும்புவார்கள்; நீங்களும் மாணவர்களோடு தனியே பேச வாய்ப்புக் கேளுங்கள். நெறியாளர் எத்தனை நாளில் வரைவுகளைத் திருத்தித் தருகிறார், மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பவற்றை மாணவர்கள்தாம் உள்ளபடி சொல்வார்கள். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதிலளிக்க வற்புறுத்துவதில்லை என்ற உடன்பாட்டில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அவசரப்படுத்தப்பட்டால் அதை மரியாதையாக நினைவூட்டலாம். ஏற்க விரும்பாத அழைப்பை விரைவில் மறுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு அந்த இடம் போய்ச்சேரும்.

சேர்ந்த முதல் பருவத்திலேயே களப்பயிற்சிக்கான தேடலைத் தொடங்க வேண்டும். பெரிய நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் அடுத்த கோடைக்கான பயிற்சியாளர்களை முந்திய இலையுதிர் காலத்திலேயே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடும். படிப்பின் அங்கமாக வெளியே பணியாற்ற எஃப்-1 மாணவருக்குத் தனி அனுமதி தேவை. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பின்பே அது கிடைக்கும். அந்த அனுமதி ஐ-20இல் பதிவாகும் முன் ஒரு நாள்கூட வேலையைத் தொடங்கக் கூடாது. நிறுவனம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஊதியமே இல்லை என்று சொன்னாலும், முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள்.